ஓசி லினக்ஸும் ஒரு பி.காம். கேள்வியும்

வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுப் பார்த்தேன். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டேன். ஹார்டு டிஸ்கைத் தொடாமலே இணையம் வந்தது, தமிழும் தெரிந்தது. பிடித்த பிறகுதான் நிறுவினேன். ஒரு பைசா கேட்கவில்லை. பி.காம். படித்த மூளை சும்மா இருக்குமா? காசு வாங்காமல் கடை எப்படி ஓடுகிறது என்று பழைய கதையைத் தேடிப் படித்தேன்.

1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். அவர் கேட்டது இலவசம் அல்ல, சுதந்திரம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் குழப்பம். தமிழில் அந்தச் சங்கடமில்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு.

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதன் முதல் உரிமம் என்ன சொன்னது தெரியுமா? இதை வைத்து யாரும் காசு வாங்கக் கூடாது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃப்ளாப்பியில் நகலெடுத்துக் கொடுப்பவர் தன் கைக்காசைக்கூடத் திரும்ப எடுக்க முடியாதே! 1992-இல் லினஸ் குனூ பொது உரிமத்துக்கு மாறினார். இனி தாராளமாக விற்கலாம். ஆனால் வாங்கியவருக்கு மூலநிரலும், அதை மாற்றிப் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் கிடைத்தாக வேண்டும்.

ரெட் ஹேட் போன்றவர்கள் பராமரிப்புக்குச் சந்தா வாங்கிப் பிழைத்தார்கள். 2019-இல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை வாங்கிய விலை சுமார் 3,400 கோடி டாலர். 2004-இல் உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தரப்போ 2011 வரை கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாக சிடி அனுப்பியது.

விற்கக் கூடாது என்ற விதி போன பிறகுதான் சரக்கு ஊரெல்லாம் பரவியது. பிள்ளைகளுக்கு இதை ஓசி என்று சொல்லித் தராதீர்கள். கட்டற்றது என்று சொல்லுங்கள்.