எல்லைக்கு அப்பால் வாழ்பவர் யார்?

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் புதுச்சத்திரம். வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடமென்று அதன் பெயரே சொல்கிறது. இச்சமவெளியில் நின்று கிழக்கே நோக்கினால் கொல்லிமலை நீலச் சுவராய் எழுந்து நிற்பதைக் காண்கிறோம். சங்க காலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை அது. தன் அழகாலும் சிரிப்பாலும் மயக்கி உயிர் கவரும் கொல்லிப்பாவை உறைவதாகப் பாடப்பட்டதும் அம்மலையிலேதான். கீழே ஏரும் வயலும். மேலே காடும் அச்சமும். உழுது வாழும் மக்கள் எங்கெல்லாம் காட்டின் விளிம்பில் குடியேறினார்களோ, அங்கெல்லாம் இத்தகைய கதைகள் பிறந்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை ஒப்பிட்டு நோக்குவது நம் வரலாற்றை நாமே அறிந்துகொள்ள உதவும்.

முதலில் தொலைவிலுள்ள ஒரு நாட்டைப் பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயிலிருந்து மக்கள் கடல் கடந்து ஐஸ்லாந்துத் தீவில் குடியேறினர். ஆளற்ற தீவென்று அதனைக் கூறுவது வழக்கம். ஆனால் அவர்களுக்கு முன்பே சில அயர்லாந்துத் துறவியர் அங்கு வாழ்ந்தனர் என்றும், புதியவர் வரவே தம் நூல்களையும் மணிகளையும் கோல்களையும் விட்டுவிட்டு வெளியேறினர் என்றும் 12ஆம் நூற்றாண்டில் அரி தோர்கில்சன் என்னும் குரு எழுதிவைத்தார். குடியேறியவரின் வரலாற்றிலேயே வெளியேறியவரின் மணிகளும் இடம்பெற்றிருப்பது நம் கருத்துக்குரியது.

அம்மக்கள் தங்களோடு கொண்டுவந்த தொன்மங்களில் உலகம் இரு கூறாகப் பிரிந்து கிடக்கிறது. மனிதர் வாழும் மிட்கார்டைச் சுற்றி ஓர் அரண். அதற்கு வெளியே அரக்கர் வாழும் பனிமலைகள். அரக்கரைச் சம்மட்டியால் அடித்து வீழ்த்துவதே தோர் என்னும் தேவனின் தொழில். ஆயினும் சற்று ஆழ்ந்து படிப்பவர் வேறொன்றையும் காண்பர். தேவர் தலைவன் ஓடினைப் பெற்ற பெஸ்ட்லா அரக்கர் குலத்தவள். தோரின் தாயும் அக்குலத்தவளாகவே எண்ணப்படுகிறாள். அரக்கர் மகளான ஸ்காதி தேவர் குலத்தில் வாழ்க்கைப்படுகிறாள். அரணுக்கு வெளியே பகைவராய் நிற்பவர்கள் உண்மையில் தாய்வழி உறவினரே!

இக்கதைகளைத் திரட்டி ஏறத்தாழ 1220ஆம் ஆண்டில் எழுதியவர் ஸ்னோரி ஸ்டூர்லூசன். ஐஸ்லாந்து திருமுழுக்குப் பெற்று இரு நூற்றாண்டுகள் கடந்தபின் வாழ்ந்த கிறிஸ்தவர் அவர். பழைய தேவர்களை நம்ப வேண்டியதில்லை, எனினும் அக்கதைகளை மறந்துவிடலாகாது என்பது இளங்கவிஞர்களுக்கு அவர் கூறிய அறிவுரையின் சாரம். முன்னோரின் கதையை அழிக்காமலும் அதற்கு அடிமையாகாமலும் இளைஞர் கையில் ஒப்படைக்கும் வழியை அவர் அன்றே காட்டினார்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் நார்வே மக்கள் மீண்டும் ஓர் எல்லைக்குச் சென்றனர். இம்முறை அமெரிக்கப் புல்வெளி. அவர்களுள் ஒருவராகிய ஓலே ரோல்வாக் எழுதி 1927இல் ஆங்கிலத்தில் வெளிவந்த புதினத்தின் தலைப்பு, பூமியில் இராட்சதர் இருந்ததாகத் தொடக்கநூலின் 6ஆம் அதிகாரம் கூறுவதிலிருந்து எடுக்கப்பட்டது. 1870களில் டகோட்டா நிலத்தில் குடியேறும் பேர் ஹன்சா என்பவனின் கதை அது. எல்லையற்ற புல்வெளியில் தாயகத்துப் பூதங்கள் பதுங்கியிருப்பதாக அவன் மனைவி பெரெத் அஞ்சுகிறாள். அவனோ தன் நிலத்தருகே, மேட்டின்மீது, செவ்விந்தியர் கல்லறை ஒன்றைக் காண்கிறான். டகோட்டா என்பதே அங்கு முன்பு வாழ்ந்த மக்களின் பெயர்தான். பூதத்துக்கு அஞ்சிய மனம், தனக்கு முன் அங்கிருந்த மனிதனை எண்ணிப் பார்த்ததா? இக்கேள்வியே அந்நூலின் அடியாழத்தில் ஒலிப்பதாக நாம் கருதுகிறோம்.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். கொங்குச் சமவெளியில் உடுக்கையொலியுடன் இரவு முழுவதும் பாடப்பட்டு வந்தது அண்ணன்மார் சுவாமி கதை. தாமரை நாச்சியாரின் தவத்தால் பிறந்த பொன்னரும் சங்கரும் நாடு திருத்தி வாழ்கின்றனர். வேட்டுவர் காட்டோடு பகை மூள்கிறது. கொம்பன் என்னும் பன்றி வந்து வயல்களை அழிக்கிறது. இறுதியில் அண்ணன்மார் வீரப்பூர்க் காட்டில் மடிகின்றனர். மேலோட்டமாகக் கேட்பவருக்கு இது உழவர் வெற்றியும் தியாகமும் மட்டுமே. ஆனால் பகையின் தொடக்கம் எது? தங்கை விரும்பிய கிளிகளைப் பிடிக்க அண்ணன்மார் வேட்டுவர் காட்டுக்குள் புகுந்தனர் என்கிறது பாட்டு. பன்றி வயலுக்கு வரும் முன்னரே நாம் காட்டுக்குள் சென்றுவிட்டோம். வெற்றியைப் பாட வந்த புலவனே இக்குற்றத்தையும் மறைக்காமல் பாடியிருக்கிறான்.

கொல்லிமலையில் வாழும் மலையாளி மக்களிடமும் ஒரு குடியேற்றக் கதை உண்டு. காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர் புறப்பட்டு வந்தனர்; ஒருவர் சேர்வராயனையும், ஒருவர் பச்சைமலையையும், ஒருவர் கொல்லிமலையையும் அடைந்தனர் என்பது அது. அவர்கள் வெவ்வேறு குலங்களில் பெண் கொண்டனர் என்றும், அவற்றுள் வேடர் குலமும் ஒன்று என்றும் 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் நூலிலே காண்கிறோம். ஓடினின் தாயை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இக்கதைகள் இன்று இளையோருக்கு மறுபடியும் சொல்லப்படுகின்றன. கலைஞர் மு. கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்னும் புதினம் படைத்தார்; அது 2011இல் திரைப்படமாயிற்று. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் கொங்குச் சிற்றூர் ஒன்றில் தங்கி, இக்கதையைப் பாடகர் வாயிலாகவே ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அதனை அசைவுப்படத் தொடராகவும் படக்கதை நூல்களாகவும் ஆக்கி அளித்தார். இவை பெரிதும் வரவேற்கத்தக்கன. தோரின் சம்மட்டியைத் திரையில் கண்டு வியக்கும் நம் சிறுவர், சங்கரின் வாளையும் அறியட்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். சாகசக் கதைக்குப் பகைவன் தேவை. அவனை முகமற்ற அரக்கனாக்கிவிடுவது எழுதுபவருக்கு எளிது. நம் கதையிலோ பகைவராகப் பாடப்பட்ட வேட்டுவர் பெயர் தாங்கிய மக்கள் இதே சமவெளியில் உழுது வாழ்கின்றனர். அவர்கள் பிள்ளைகளும் ஏனையோர் பிள்ளைகளும் ஒரே பள்ளிப் பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். அண்ணன்மாரின் உற்ற துணைவனாகப் பாடப்படும் சாம்புவன் பறையர் குலத்தவன். அவனைச் சிறிதாக்கிச் சொன்னால் அந்த வகுப்பறையில் ஒரு பிள்ளை தலைகுனியும். கிளிகளை மறைத்துச் சொன்னால் மற்றொரு பிள்ளை அரக்கன் மகனாகிவிடும்.

இன்று நம் இளைஞரே எல்லை கடந்து செல்கின்றனர். நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகளிலும் மொழி தெரியாத மாநிலங்களுக்குச் சென்று மாதக்கணக்கில் உழைக்கின்றனர். அங்கே அவர்களே அந்நியர். அவ்வூர்ப் பாட்டிமார் அவர்களைப் பற்றிப் பேரப்பிள்ளைகளிடம் என்ன கதை சொல்ல வேண்டுமென்று விரும்புகிறோமோ, அதையே நாமும் மலையிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இங்கு வேலை தேடி வருபவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். சத்திரத்தின் பெயரைத் தாங்கிய ஊரார்க்கு இது அரிய செயலன்று.