அண்டார்டிகாவில் அன்று எவ்வளவு பனி பொழிந்தது? பனிக்கட்டி உருளைகள் தரும் கணக்கு

புதுடெல்லி: அண்டார்டிகாவில் நூறு ஆண்டுகளுக்கு முன் ஆண்டுதோறும் எவ்வளவு பனி பொழிந்தது என்பதற்கு அளவீட்டுப் பதிவுகள் இல்லை. அக்கண்டத்தின் வானிலை நிலையங்களில் பெரும்பாலானவை 1957-58ஆம் ஆண்டின் சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டியும் அதன் பின்னருமே செயல்படத் தொடங்கின. எனவே, முந்தைய பனிப்பொழிவைக் கணக்கிட, பனிப்படலத்தைத் துளையிட்டு எடுக்கப்படும் பனிக்கட்டி உருளைகளை விஞ்ஞானிகள் நாடுகின்றனர்.

இந்தியாவில் இவ்வாய்வை, மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின்கீழ் கோவாவில் இயங்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் மேற்கொண்டு வருகிறது.

கடல் மட்டத்துடன் என்ன தொடர்பு?

கடலில் இருந்து ஆவியாகும் நீரே அண்டார்டிகாவில் பனியாகப் பொழிந்து தங்குகிறது. அதேவேளையில், கரையோரப் பனிப்பாறைகள் உடைந்தும் உருகியும் கடலில் கலக்கின்றன. இந்த வரவுக்கும் செலவுக்கும் இடையிலான வேறுபாடே கடல் மட்டத்தைப் பாதிக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் அதிகரித்த பனிப்பொழிவு, கடல் மட்ட உயர்வைச் சுமார் 10 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்ததாக, பனிக்கட்டி உருளைகளின் அடிப்படையில் 2019ஆம் ஆண்டு வெளியான சர்வதேச ஆய்வு தெரிவித்தது. ஆனால், 1992 முதல் 2017 வரையிலான 25 ஆண்டுகளில் அண்டார்டிகா இழந்த பனியின் நிகர அளவு, கடல் மட்டத்தைச் சுமார் 7.6 மில்லிமீட்டர் உயர்த்தியதாகச் செயற்கைக்கோள் தரவுகள் காட்டுகின்றன. அதாவது, பனிப்பொழிவு அதிகரித்தும் இழப்பை ஈடுசெய்ய முடியவில்லை.

கணக்கிடும் முறை

முதலில், உருளையின் ஒவ்வொரு அடுக்கும் எந்த ஆண்டுக்குரியது என்பது கண்டறியப்படுகிறது. கோடையில் பொழியும் பனியில் கனமான ஆக்சிஜன் அணுக்களின் விகிதம் கூடுதலாகவும், குளிர்காலப் பனியில் குறைவாகவும் இருக்கும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் ஆண்டுகள் தெரியவரும். எரிமலைச் சாம்பலும் கந்தக அமிலமும் படிந்த அடுக்குகள் அக்கணக்கைச் சரிபார்க்க உதவுகின்றன.

அடுத்து, அடுக்கின் தடிமன் நீரின் அளவாக மாற்றப்படுகிறது. 50 சென்டிமீட்டர் தடிமனுள்ள அடுக்கின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 40 விழுக்காடு எனில், அவ்வாண்டின் பனி 20 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஆழத்தில் உள்ள அடுக்குகள் பனிப்படலத்தின் நகர்வால் நீண்டு மெலிந்திருக்கும் என்பதால், அதற்கேற்பத் திருத்தமும் செய்யப்படுகிறது.

இந்திய உருளைகள்

2002-03ஆம் ஆண்டின் 22ஆவது இந்திய அண்டார்டிகா பயணத்தின்போது, கிழக்கு அண்டார்டிகாவின் டிரானிங் மாட் லேண்ட் பகுதியில் எடுக்கப்பட்ட சுமார் 62 மீட்டர் நீள உருளை, ஏறத்தாழ 470 ஆண்டுகாலப் பதிவைக் கொண்டது. இந்தோனேசியாவின் கிரகடோவா (1883), அகுங் (1963) ஆகிய எரிமலைகளின் வெடிப்புத் தடயங்கள் அதில் கண்டறியப்பட்டன. அதே பகுதியில் பின்னர் எடுக்கப்பட்ட மற்றோர் உருளை, 1905 முதல் 2005 வரையிலான பருவநிலையை அறிய உதவியது.

எனினும், ஓர் உருளையை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. பலத்த காற்று ஓரிடத்தின் பனியை வாரி மற்றோரிடத்தில் குவித்துவிடும் என்பதால், பல உருளைகளை ஒப்பிட்ட பின்னரே ஒரு பகுதியின் பனிப்பொழிவு உறுதி செய்யப்படுகிறது.

செயற்கைக்கோள் பதிவுகள் சுமார் முப்பது ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன. இன்றைய பனிப்பொழிவு இயல்பானதா, புதிய மாற்றமா என்பதை நூற்றாண்டுக் கணக்குடன் ஒப்பிட்டே அறிய முடியும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி உள்ளிட்ட கடலோரப் பகுதிகளுக்கான கடல் மட்டக் கணிப்புகள் துல்லியமாக அமைய இத்தகவல் அவசியமாகிறது.