குவீன்ஸ்டவுனின் அரச பெயர்களும் ஒரு ஜெர்மானியச் சிற்றரசும்

எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா நடந்த 1953ஆம் ஆண்டில், சிங்கப்பூரின் முதல் துணை நகரத்துக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் வைத்தார்கள். மார்கரெட் டிரைவ் அரசியின் தங்கையைக் குறிக்கிறது; ஸ்ட்ரத்மோர் அவென்யூ அவருடைய தாய்வழிக் குடும்பத்தைச் சுட்டுகிறது. இவற்றைப் பிரிட்டிஷ் விசுவாசத்தின் அடையாளம் என்று சொல்லி ஆய்வாளர்கள் நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் பாதி உண்மைதான். இந்த அரச மரபின் தந்தைவழி, சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற ஜெர்மானியச் சிற்றரசுக்குப் போகிறது.

1826இல் உருவான அந்த நாட்டின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். அதுவும் ஒரே நிலமாக இல்லை. கோபர்க் தெற்கில், கோத்தா வடக்கில். நடுவே வேறு அரசுகளின் நிலம். படையோ வணிகமோ பெரிதாக இல்லாத இந்தக் குடும்பம் மணவுறவால் வளர்ந்தது. 1831இல் லியோபோல்ட் பெல்ஜியத்தின் முதல் மன்னரானார். 1840இல் ஆல்பர்ட் விக்டோரியா அரசியை மணந்தார். 1887இல் ஃபெர்டினாண்ட் பல்கேரியாவை ஆளப் போனார். இளவரசர்களே அந்த நாட்டின் முதன்மையான ஏற்றுமதி.

ஆனால் கோபர்க்கை யார் ஆள்வது? இங்கேதான் கதை சிங்கப்பூரைத் தொடுகிறது. ஆல்பர்ட்டின் அண்ணன் இரண்டாம் எர்ன்ஸ்டுக்கு முறையான வாரிசு இல்லை. விக்டோரியாவின் மூத்த மகன் எட்வர்ட் பிரிட்டிஷ் அரியணைக்கு உரியவர். ஆகவே கோபர்க் உரிமையைத் துறந்தார். அது தம்பி ஆல்ஃபிரட்டுக்கு வந்தது. 'கலாட்டியா' கப்பலில் உலகைச் சுற்றிய அவர் 1869இல் சிங்கப்பூருக்கும் வந்தவர். கடற்படையில் வாழ்க்கையைக் கழித்த அந்த மனிதர், 1893இல் தாம் வளராத ஒரு நாட்டின் ஆட்சியாளரானார்.

அவருடைய ஒரே மகன் 1899இல் இறந்தார். அடுத்த உரிமை ஆல்ஃபிரட்டின் தம்பி கன்னாட் கோமகன் ஆர்தருக்கு. அவரும் அவர் மகனும் விலகிக்கொண்டார்கள். அதே ஆர்தர் 1906இல் சிங்கப்பூருக்கு வந்ததன் நினைவாகத்தான் பாடாங் ஓரச் சாலைக்குக் கன்னாட் டிரைவ் என்று பெயர். கடைசியில் 1900இல், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த, விக்டோரியாவின் பேரன் சார்லஸ் எட்வர்ட் என்ற 16 வயதுச் சிறுவனுக்கு அந்த நாடு கிடைத்தது. இத்தனை துறப்புகளிலும் ஏற்புகளிலும் கோபர்க் மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிங்கப்பூரின் பழைய வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜொகூர்-ரியாவ் அரியணையில் தம்பி அப்துல் ரஹ்மான் இருக்க, ராஃபிள்ஸ் 1819இல் அண்ணன் ஹுசேனைச் சுல்தானாக அங்கீகரித்து உடன்படிக்கை செய்துகொண்டார். 1824இல் தீவு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இரண்டு இடங்களிலும் நடந்தது ஒன்றே: வாரிசுரிமை என்பது வெளியார் கையாளும் ஒரு கருவியானது. ஐரோப்பிய அரச மரபு ஒழுங்கானது, மலாய் மரபு குழப்பமானது என்று இன்னமும் எழுதுகிறவர்கள் கோபர்க்கின் வாரிசுப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரின் வெறுப்பு அலையில், 1917 ஜூலையில் ஐந்தாம் ஜார்ஜ் ஜெர்மானியப் பெயரைக் கைவிட்டு விண்ட்சர் என்று மாற்றிக்கொண்டார். அவர் எலிசபெத்தின் தாத்தா. பெயர் மாறாதிருந்தால், குவீன்ஸ்டவுன் கோபர்க் குடும்பத்து அரசியின் பெயரால் எழுந்த நகரம் என்று இன்று நேராகவே சொல்லியிருப்போம்.

இதே வட்டாரத்தில் இன்னொரு வகை நினைவும் இருக்கிறது. காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், மலாயா ரயில்வேயில் உழைத்த தமிழர்கள் தண்டவாளத்துக்கு அருகே வழிபட்ட இடத்திலிருந்து வளர்ந்தது. அரச பெயர்களின் வரலாறு எழுதப்படும்போது, அந்தக் கோயிலின் வரலாறும் அதே நூலில் இடம்பெற வேண்டும்.

கோபர்க்கிலோ, சார்லஸ் எட்வர்ட் 1918 நவம்பரில் பதவி இழந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில், தங்கள் நாடு யாரோடு சேர வேண்டும் என்று கோபர்க் மக்களிடம் வாக்கு கேட்கப்பட்டது. உருவாகவிருந்த தூரிங்கியா மாநிலத்தோடு சேர அவர்கள் பெருவாரியாக மறுத்தார்கள்; 1920 ஜூலை முதல் நாள் கோபர்க் பவேரியாவுடன் இணைந்தது.