வீட்டுத் தியானம்

வீட்டுத் தியானம் என்பது அன்றாட மன அழுத்தத்தைத் தணிக்க, ஆசிரமமோ முகாமோ தேடிப் போகாமல், வீட்டிலேயே நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கிச் செய்யும் மனப்பயிற்சி. மூச்சைக் கவனிப்பது, ஒரு சொல்லை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்வது, உடலை உறுப்பு உறுப்பாகக் கவனித்து வருவது ஆகிய மூன்றும் பரவலாக உள்ள முறைகள். தனித்தமிழில் தியானத்தை ஊழ்கம் என்பர். திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தின் ஏழாம் உறுப்பாகத் தியானத்தை வைக்கிறது. அங்கே அது சமாதிக்கு முந்தைய படி. கடன் தவணையும் அலுவலகத் தொல்லையும் தரும் படபடப்புக்கு அதைக் கைமருந்தாக எடுத்துக்கொண்டது பிற்காலத்து வழக்கம்.

மருத்துவத்துக்குள் வந்த கதை

மன அழுத்தம் வரும்போது அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புகள் கூடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது. இந்த நிலையை வேண்டுமென்றே திருப்ப முடியுமா என்று பார்த்தவர்களில் ஹார்வர்டு இதயநோய் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் முக்கியமானவர். மந்திரத்தை மனத்துக்குள் சொல்லும் ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களை ஆராய்ந்தபோது அவர்கள் உடல் செலவிடும் ஆக்சிஜன் குறைவதையும் மூச்சு நிதானப்படுவதையும் அவரும் உடன் ஆய்வாளர்களும் கண்டனர். 1975-இல் வெளியான அவரது நூல், எந்தச் சொல்லைச் சொன்னாலும் இந்தப் பலன் கிட்டும் என்றது. ‘ஒன்று’ என்னும் எண்ணே போதுமாம். மந்திர உபதேசத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இது உவப்பாக இராது.

மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபாட்-சின் 1979-இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், வூஸ்டர் நகரில், ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். தீராத வலியோடு அலைந்து, மருத்துவர்கள் ‘இனி எங்களால் ஆவதற்கில்லை’ என்று கைவிரித்த நோயாளிகளே அங்கே வந்தவர்களில் பலர். பௌத்தத் தியான முறைகளிலிருந்து சமயச் சடங்குகளை நீக்கி அவர் வகுத்த பயிற்சி எட்டு வாரம் நடக்கும். முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுப்பார்கள். அதன் சுருக்கங்களைப் பார்த்து, முகர்ந்து, காதருகே உருட்டி, நாவில் வைத்துக் காத்திருந்து, பிறகுதான் கடிக்க வேண்டும். கைப்பிடியாக அள்ளி வாயில் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஒரு பழம் வெகுநேரம் நீடிக்கும்.

வகுப்பு வாரத்துக்கு இரண்டரை மணி நேரந்தான். வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 45 நிமிடம். கணக்குப் போட்டால் நாலரை மணி நேரம். வழிகாட்டும் குரலை ஒலிநாடாவில் பதிந்து கையில் கொடுத்தனுப்பினார்கள். ஆக, மருத்துவமனையின் பெயரில் அறியப்பட்டாலும் இது பெரிதும் வீட்டில் நடந்த சிகிச்சையே.

உட்காரும் முறை

பத்மாசனம் கட்டாயமில்லை. முட்டிவலிக்காரர்கள் நாற்காலியில் இரு பாதமும் தரையில் பதிய உட்காரலாம். முதுகு நிமிர்ந்திருந்தால் போதும். மூக்கு நுனியிலோ, வயிறு எழுந்து தாழ்வதிலோ கவனத்தை வைக்க வேண்டும். மூச்சை அடக்கவோ இழுக்கவோ வேண்டாம். ஒன்று முதல் பத்து வரை எண்ணுவது தொடக்கத்தில் உதவும்.

நான்காம் எண்ணுக்குள் மனம் நழுவிவிடும். அடுப்பில் பால் வைத்தோமா, மின்கட்டணத்துக்கு இன்று கடைசி நாளா, நேற்று மைத்துனர் சொன்னதற்கு என்ன பொருள்? நழுவியது தெரிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ‘எனக்கு மனம் நிற்கவில்லை, தியானம் வராது’ என்று விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். போன மனத்தைக் கண்டுபிடித்துத் திருப்புவதே இங்கே பயிற்சி. இருபது தடவை போனால் இருபது தடவை பயின்றதாகக் கணக்கு. குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் தடையில்லை. ஒலி என்று கவனித்துவிட்டு மூச்சுக்குத் திரும்பலாம். கைப்பேசியை மட்டும் வேறு அறையில் வைப்பது நல்லது.

சான்றுகளும் வரம்பும்

2014-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 47 சோதனைகளையும் 3,515 பேரையும் எடுத்துக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் நடுத்தரச் சான்றோடு சிறிய அல்லது மிதமான பலன் தெரிந்தது. மன அழுத்தத்துக்கான சான்று அதைவிட வலுக்குறைவு. உடற்பயிற்சி, மருந்து போன்ற சிகிச்சைகளை விடத் தியானம் மேலானது என்பதற்கும் அதில் சான்று கிடைக்கவில்லை. 2022-இல் வெளியான சோதனையில், பதற்றநோய் உள்ள 276 பேரில் ஒரு பாதியினர் கபாட்-சின் வகுத்த எட்டு வாரப் பயிற்சியும் மறுபாதியினர் பதற்றத்துக்குத் தரும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் பெற்றனர். பயிற்சியின் பலன் மாத்திரைக்குக் குறைந்ததாக இல்லை. அது நாளும் 45 நிமிடம் உட்கார்ந்தவர்களின் முடிவு. பத்து நிமிடச் செயலிகளை விற்பவர்கள் அதைத் தங்கள் சரக்குக்கும் போர்த்திக்கொள்வது நியாயமில்லை.

சிலருக்குக் கண்ணை மூடியதும் பழைய அதிர்ச்சிகள் மேலெழும்பும், படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தபடியோ, மெதுவாக நடந்தபடியோ செய்யலாம். அப்போதும் அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கோ மனச்சோர்வுக்கோ சாப்பிடும் மாத்திரையைத் தியானத்தை நம்பித் தாமாக நிறுத்தக் கூடாது.