செயல்முறை முதிர்ச்சி மதிப்பீடு (அரசுத்துறை)

அரசு அமைப்பு ஒன்று தன் பணிமுறைகளை எவ்வளவு ஒழுங்காக வரையறுத்து, அளந்து, மேம்படுத்துகிறது என்பதைப் படிநிலைகளில் கணிக்கும் முறை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் உருவாக்கிய திறன் முதிர்ச்சி மாதிரியே இதற்கு முன்னோடி. ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் அமைப்பு 2008-இல் வெளியிட்ட செயல்முறை முதிர்ச்சி மாதிரி ஐந்து நிலைகளைக் கொண்டது. பிறப்புச் சான்றிதழ் வழங்கலைக் கொண்டு இவற்றை விளக்கலாம். முதல் நிலையில் வேலை எழுத்தரின் அனுபவத்தையே நம்பியிருக்கும். இரண்டில் ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஒரு நடைமுறையைப் பின்பற்றும். மூன்றில் எல்லா அலுவலகங்களுக்கும் பொது நடைமுறை இருக்கும். நான்கில் சான்றிதழ் கிடைக்கும் காலத்தை அளந்து முன்கூட்டியே கூற இயலும். ஐந்தில் தேவையற்ற படிகள் தொடர்ந்து நீக்கப்படும். ஆவண ஆய்வு, நேர்காணல், வினாநிரல் ஆகியவற்றால் நிலை உறுதிசெய்யப்படும். அரசுப் பணிக்கு லாபம் அளவுகோலன்று; சட்டத்தைப் பின்பற்றுதலும் சமவாய்ப்பும் பொறுப்புடைமையும் சேர்த்தே எடைபோடப்பட வேண்டும்.