கோதுமை மாவும் நரம்பின் தூதும்

திருவனந்தபுரத்துக் கிழக்குக்கோட்டையை அடுத்துள்ள பழவங்காடியில் விடியற்காலை முதல் இரவு வரை ஓர் ஓசை கேட்டவண்ணம் இருக்கும். பிள்ளையார் சந்நிதியில் சிதறுதேங்காய் உடைபடும் ஓசை அது. இக்கோயிலின் நிர்வாகம் இந்திய இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது என்பதை வெளியூர் அன்பர்களுள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். ‘அங்காடி’ என்னும் சொல்லும் கவனிக்கத்தக்கது. நாளங்காடி, அல்லங்காடி என்று பழந்தமிழ் நூல்கள் சுட்டும் அச்சொல்லை நாம் அன்றாடப் பேச்சில் ஏறக்குறைய மறந்துவிட்டோம். மலையாள நாடோ அதனை ஊர்ப்பெயரில் பொதிந்து காத்து வருகிறது.

அங்கிருந்து சற்று நடந்தால் சாலைக் கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் தோன்றிய அவ்வீதியில் தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கோதுமை மாவு மூட்டை, அதன் அருகே சர்க்கரை மூட்டை என அடுக்கி வைத்திருப்பார்கள். அந்த அடுக்கைக் காணுந்தோறும் எனக்கு 1958-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வரும். நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த அதனை நான் அறிந்தது ஒரு மொழிபெயர்ப்புப் பணியின் வாயிலாகவே. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கேரள மாநிலம் அமைந்து ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்திருந்த காலம். தன் தேவைக்கு வேண்டிய நெல் விளையாத அந்நாட்டுக்கு அரிசியும் கோதுமையும் வெளியிலிருந்தே வரவேண்டும். 1958 ஏப்ரல், மே மாதங்களில் கோதுமை மாவினால் செய்த பண்டங்களை உண்டோர் பலர் திடீரென நோயுற்றனர். இம்மாநிலத்தில் மட்டும் நூறு பேருக்கு மேல் மாண்டனர். அப்போதைய சென்னை இராஜ்யத்திலும் பாதிப்பு நேர்ந்தது. வாந்தி, பேதி என்றவுடன் நம் நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது காலராவும் கெட்டுப்போன உணவுமே. ஆனால் இந்நோய்க்குக் காரணம் கிருமியன்று. பயிர்ப்பூச்சிகளைக் கொல்லும் பாரத்தியான் என்னும் நஞ்சு அம்மாவில் கலந்திருந்தது. உணவுப்பொருளும் நஞ்சும் ஒரே கப்பலில் வந்ததன் விளைவு இது. கசிந்த நஞ்சை மாவு உறிஞ்சிக்கொண்டது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் முதல்வராக விளங்கிய டாக்டர் சி. ஓ. கருணாகரன் இத்துயர நிகழ்ச்சியைப் பற்றி அதே ஆண்டில் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்.

அந்த நஞ்சின் வணிகப் பெயர் ஃபாலிடால். நம் கிராமத்து மக்கள் அதனைப் ‘பாலிடாயில்’ ஆக்கிக்கொண்டனர். பிற்காலத்தில் எந்தப் பூச்சிமருந்தையும் அப்பெயராலேயே குறிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரு சொல் இவ்வாறு வேரூன்றுவது மொழிபெயர்ப்பாளனுக்கு வியப்பூட்டும் செய்தியே. எனினும் இச்சொல்லைக் குறித்து மகிழ இயலவில்லை.

இந்நஞ்சு மனித உடலில் என்ன செய்கிறது? இதனை விளக்கக் கேரளத்தை விட்டு ஆஸ்திரியா நாட்டுக் கிராஸ் நகருக்குச் செல்லவேண்டும். நரம்பு தன் கட்டளையை இதயத்துக்கோ தசைக்கோ எவ்வாறு அறிவிக்கிறது என்பது அக்காலத்து அறிஞரிடையே பெரிய வழக்காக இருந்தது. மின்சாரத்தால் என்றனர் ஒரு சாரார். ஏதோ ஒரு திரவப் பொருளால் என்றனர் மற்றொரு சாரார். 1921-இல் ஈஸ்டர் திருநாளை ஒட்டிய ஓரிரவில் ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர் கனவு கண்டார். அவ்வழக்கைத் தீர்க்கும் சோதனை அக்கனவில் தோன்றிற்று. பாதித் தூக்கத்தில் ஒரு துண்டுத்தாளில் அதனைக் குறித்துக்கொண்டு மீண்டும் உறங்கிவிட்டார். விடிந்தபின் பார்த்தால் தம் கையெழுத்து தமக்கே விளங்கவில்லை! (அலுவலகக் கோப்புகளுடன் உறவாடும் எமக்கு அவர் நிலை நன்கு புரியும்.) மறுநாள் இரவு மூன்று மணியளவில் அதே கனவு மீண்டும் வந்தது. இம்முறை அவர் தாளை நம்பவில்லை. எழுந்து நேரே ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார்.

அவர் செய்தது எளிய சோதனை. இரண்டு தவளைகளின் இதயங்களை எடுத்து உப்புநீரில் துடிக்கவிட்டார். முதல் இதயத்திற்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்புத் தளர்ந்தது. அந்த இதயம் இருந்த நீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் செலுத்தினார். அந்த இதயத்தின் நரம்பை எவரும் தீண்டவில்லை. எனினும் அதுவும் தளர்ந்தது. நரம்பு முதல் இதயத்தில் விட்டுச்சென்ற ஏதோ ஒரு பொருளே இத்தூதைச் சுமந்து வந்திருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. அப்பொருள் அசெடில்கோலின். அதன் இயல்புகளை இங்கிலாந்தில் ஹென்றி டேல் 1914-லேயே ஆராய்ந்திருந்தார். அது விலங்குகளின் உடலில் இயற்கையாகவே உள்ளது என்பதை 1929-இல் டேலும் அவர் துணைவரும் நிறுவினர். இதனை வெளியிடும் நரம்பிழைகளுக்குக் ‘கோலினெர்ஜிக்’ என்று 1933-இல் பெயரிட்டவரும் டேலே. ‘கோலின்வினை நரம்புகள்’ என்று நான் தமிழாக்குவேன். இதனினும் நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வேன்.

இந்நரம்புகள் ஆளும் எல்லை மிகப் பெரிது. கை கால்களை அசைக்கும் தசைகளுக்கு ஆணையிடுவன இவையே. இதயத்தைச் சாந்தப்படுத்துவதும், குடலை இயக்குவதும், உமிழ்நீரும் கண்ணீரும் சுரக்கச் செய்வதும், கண்மணியைச் சுருக்குவதும் இவற்றின் தொழில். வியர்வைச் சுரப்பிகளின் நரம்புகள் வேறொரு குலத்தைச் சேர்ந்தவை; ஆயினும் அவையும் அசெடில்கோலினையே உமிழ்கின்றன. மூளையின் அடிப்பகுதியில் நினைவாற்றலுக்கு உதவும் நரம்பணுக்களும் இத்தகையனவே. முதுமையில் மறதிநோய் தாக்கும்போது அவை பெரிதும் அழிகின்றன என்பது பின்னர்த் தெரியவந்தது.

தூது சென்றவன் செய்தியைச் சொன்னபின் அவ்விடத்தை விட்டு அகலவேண்டும். அகலாவிடில் அடுத்த செய்திக்கு இடமில்லை. அசெடில்கோலினை அகற்றுவதற்கென்றே ஒரு நொதி அங்குக் காவல் இருக்கிறது. ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் அது தன் வேலையை முடித்துவிடும். பாரத்தியான் தாக்குவது இக்காவலனையே. உடலினுள் புகுந்த பாரத்தியானைக் கல்லீரல் இன்னும் கொடிய பொருளாக மாற்றுகிறது. அப்பொருள் நொதியைப் பற்றிக்கொண்டு செயலறச் செய்கிறது. அசெடில்கோலின் அகலாமல் தேங்குகிறது. எல்லா ஆணைகளும் ஒரே சமயத்தில் ஓயாமல் ஒலிக்கின்றன. வாயில் நுரை, கண்ணீர், வியர்வை, வாந்தி, பேதி, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு என ஒவ்வொன்றாக வந்து, இறுதியில் தசைகள் சோர்ந்து மூச்சு நின்றுவிடுகிறது. 1958-இல் மாவுண்டு மடிந்தோர் கண்ட வேதனை இதுவே.

லோவியும் டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது 1936-இல். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்னும் வேதியியலறிஞர், பூச்சிகளுக்கென நஞ்சு தேடியவர், மனிதரைக் கொல்லும் டாபூன் என்னும் நரம்பு நஞ்சைக் கண்டார். பாரத்தியானும் அவருடைய படைப்பே. லோவியின் கதையோ வேறு. 1938-இல் நாஜிகள் கிராஸ் நகரைக் கைக்கொண்ட இரவில், யூதர் என்ற காரணத்தால் அவர் சிறைபிடிக்கப்பட்டார். நோபல் பரிசுப் பணத்தை அவர்கள் குறிப்பிட்ட வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பிறகே நாட்டை விட்டு வெளியேற அனுமதி கிடைத்தது.

நஞ்சுக்கு மாற்று உண்டா எனின், உண்டு. அசெடில்கோலின் சென்று தட்டும் கதவுகளுள் பலவற்றை அடைத்துவைப்பது அட்ரோபின். நம் வேலியோரத்து ஊமத்தையிலும் அதன் இனத்துப் பொருள்கள் உள்ளன. அதற்காக ஊமத்தையைத் தேடி ஓடலாகாது. அளவு தெரியாத மருந்தும் நஞ்சே. சிறைப்பட்ட நொதியை விடுவிக்கும் பிராலிடாக்சிம் என்னும் மருந்து 1955-இல்தான் கண்டறியப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்நொதியை மெல்லத் தடுக்கும் பொருள்கள் இன்று மருந்தாகவும் பயன்படுகின்றன. தசைச்சோர்வு நோயாளி கண்ணிமையைத் திறக்கவும், மறதிநோயாளி சிறிது காலம் தெளிவுடன் இருக்கவும் அவையே துணை.

கேரளத் துயரத்தை விசாரிக்க மத்திய அரசு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஷா அவர்களின் தலைமையில் ஆணையம் அமைத்தது. சட்டம் நிறைவேறியது 1968-இல். நடைமுறைக்கு வந்தது 1971-இல். நூறு உயிர்களுக்கு மேல் பறிபோனபின் பதின்மூன்று ஆண்டுகள்! இதனை நிர்வாகத்தின் இயல்பான வேகம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை. பாரத்தியான் இன்று தடைசெய்யப்பட்ட நஞ்சுகளின் பட்டியலில் உள்ளது. ஆனால் அதன் உறவினர் பலர் வெகுகாலம் கடையில் இருந்தனர். 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட குழந்தைகள் 23 பேர் மாண்டது அத்தகைய நஞ்சாலேயே.

அச்சட்டத்தின் விதிகளில் ஒன்று, பூச்சிமருந்தின் சீட்டும் துண்டுப்பிரசுரமும் அது விற்பனையாகும் பகுதியின் மொழியிலும் அச்சிடப்படவேண்டும் என்கிறது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் மருந்து தெளிப்போருள் தமிழர் பலர். அவர்கள் கைக்குச் சேரவேண்டிய பிரசுரம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு வந்தது. ஓரிடத்தில் முன்னமே செய்திருந்த தமிழாக்கத்தைத் திருத்தவேண்டும். ஏக்கருக்கு எவ்வளவு மருந்து என்பதும், விளைச்சல் எவ்வளவு பெருகும் என்பதும் தமிழில் இருந்தன. நஞ்சேறியதன் அறிகுறிகளும் அட்ரோபின் என்னும் மாற்றும் ஆங்கிலத்திலேயே நின்றன. அவ்வரிகளின் பொருள் அறிய முற்பட்டபோதுதான் 1958-இன் செய்தியைப் படித்தேன்.

விடுபட்ட வரிகளைத் தமிழில் எழுதி அனுப்பினேன். தாளில் இடம் போதவில்லை, ஐந்து வரி குறைக்கவும் என்று விடை வந்தது. விளைச்சலின் பெருமை பேசிய வரிகளுள் ஐந்தை நீக்கி மீண்டும் அனுப்பினேன். அச்சாகி வந்த படியில் ‘கண்மணி ஊசிமுனைபோல் சுருங்குதல்’ என்னும் தொடர் மிகச் சிறிய எழுத்தில், தாளின் அடிமடிப்பில் இருந்தது. அன்று மாலை பழவங்காடி வழியே வீடு திரும்புகையில், சாலைக் கடையொன்றில் கோதுமை மாவு வாங்கினேன். மூட்டையின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். கடைக்காரர் தென்காசிப் பக்கத்தவர். “சார் எதைத் தேடுறீங்க?” என்றார்.