உருகிய ரூபாய்கள்

தல்லாகுளத்தில் நாம் கண்ட சிறு மன்றங்கள் சில, கலைந்தபோது கணக்குப் பூசலையே மிச்சம் வைத்தன. கல்கத்தாவின் ரக்பிக் கழகம் கலைந்த விதம் வேறு.

1872 கிறிஸ்துமஸ் நாளில் ஆங்கிலேயர் ஒருபுறமும் ஸ்காட்லாந்தியர் முதலியோர் மறுபுறமுமாக அங்கு ரக்பி ஆடினர். மறுமாதமே கழகம் பிறந்தது. இலவச மது நின்றதும் உறுப்பினர் குறைந்தனர். போலோவும் டென்னிசும் எஞ்சியோரை ஈர்த்தன.

1878-இல் கழகத்தைக் கலைத்தவர்கள் இருப்பைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகக் கைப்பிடிகளும் யானை நிற்கும் மூடியும் கொண்ட கோப்பையாக்கி, இங்கிலாந்து ரக்பிச் சங்கத்துக்கு அளித்தனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அக்கல்கத்தாக் கோப்பைக்காக மோதிவருகின்றன.

நம் மன்றங்களின் பழைய பேரேடுகளைப் புரட்டும்போதெல்லாம் அக்கோப்பையே நினைவுக்கு வருகிறது.